பன்னிரண்டு கால் வீடு

வீட்டுக்கு ஏன் கால் வைத்தீர்கள் என்று இந்த மலையில் என்னைக் கேட்காதவர் இல்லை. ஜமுனாமரத்தூர் சந்தையில் பூண்டு விற்கிறவர் கேட்டார். பட்டா விஷயமாகப் போன அலுவலகத்தில் கேட்டார்கள். மலைப்பாதைப் பேருந்தின் நடத்துநர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இவர்கள் ஒருவருக்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் இல்லை. எனக்குப் பதில்கள் எப்போதும் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும். கேட்டவர் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார். அதனால் இப்போது எழுதிவிடுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ரப்பரை நாங்கள் கித்தா என்போம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தேன். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் தெரியாதவர்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அதனால் நின்றுவிட்டேன். வீட்டில் வேறு காரணம் சொன்னேன்.

நாங்கள் இருந்தது லயத்து வீடு. வரிசையாக இருபது வீடுகள், நடுவில் பலகைச் சுவர். மூன்றாம் வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். தோட்டத்துக்கு வெளியே மலாய்க்காரர்களின் கம்பம் இருந்தது. கம்பம் என்றால் கிராமம். அங்கே வீடுகள் எல்லாம் கால்களின் மேல் நின்றன. மேலே சன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு, யார் வருகிறார்கள் என்று தூரத்திலேயே தெரியும். வீட்டில் இருப்பதா, இல்லாமல் போவதா என்று முடிவு செய்ய நேரம் கிடைக்கும். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். கட்டினால் இப்படி ஒரு வீடு கட்ட வேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

காரணம் இவ்வளவுதான். வெள்ளத்துக்குப் பயந்தும் இல்லை, புலிக்குப் பயந்தும் இல்லை.

என் மனைவி ஜவ்வாது மலைக்காரி. ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ள ஏஜெண்ட் மூலம் மலேசியாவுக்கு வந்தவள். அந்த வீட்டில் நான் தோட்டக்காரன். பின்பக்கம் எனக்கு ஒரு அறை, கதவோடு. அவள் சமையலறைச் சன்னலிலிருந்து பேசுவாள், நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 'ம்' என்பேன். இரண்டு வருடம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் அவளே, "நம்ம கல்யாணம் பண்ணிக்கலாமாங்க?" என்று கேட்டாள். அதற்கும் 'ம்' என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன நல்ல 'ம்' அது.

பதினான்கு வருடம் அங்கேயே இருந்தோம். அந்த வயதான அம்மாள் காலமான பிறகு என் மனைவி சொன்னாள்:

"எங்கப்பா எம்பேர்ல எழுதி வெச்ச மேட்டு நெலம் சும்மா கெடக்குதுங்க. அங்க ஒரு வூடு கட்டிக்கினு இருக்கணும்னு எனக்கு ஆசை. உங்களுக்குப் புடிக்குமான்னு தெரியல. ஒரு புளி உலுக்குற வரைக்கும் இருந்து பாருங்க. மனசு ஒட்டலன்னா சொல்லிடுங்க, திரும்பி வந்துடலாம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

ஆறு மாதம், ஒரு வருடம் என்று அவள் சொல்லவில்லை. மலைக்காரர்களுக்கு வருடம் புளியில்தான் முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது. பதினான்கு வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான் என்பது மட்டும் தெரியும்.

அவளுக்கு மலேசியாவில் முடிக்க வேண்டிய காகித வேலைகள் இருந்தன. வீடு கட்ட நான் முன்னால் வந்தேன். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவர். நல்ல மனிதர். நிலத்தின் நடுவில் நின்று கையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எங்க வேணா கட்டுங்க மாப்ள. எல்லாம் உங்க நெலந்தான்."

மேட்டின் கிழக்கு ஓரத்தில் பெரிய புளியமரம் ஒன்று நின்றது. கீழே பாய் விரித்த மாதிரி நிழல். நான் போய் அங்கே ஒரு குச்சியை நட்டேன். மச்சான் மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்கியா மாப்ள?"

"ம்."

"நெழலு நல்லாத்தான் இருக்கும்."

"ம்."

"அப்ப சரி. உங்க இஷ்டம்."

இந்த இரண்டு 'ம்'மில்தான் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். வருகிறவர் குச்சியைப் பார்ப்பார், அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்த்துச் சிரிப்பார், போய்விடுவார். எல்லோரும் மரத்தைக் கும்பிடுகிறார்கள் போலிருக்கிறது, பக்தியுள்ள ஊர் என்று நினைத்துக்கொண்டேன். நானும் தினமும் காலையில் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தேன்.

கால்களுக்குக் கல்தூண் கேட்டேன். வேலிக்கு நடுகிறார்களே, அந்தக் கல். மலைக்குக் கீழே செங்கத்திலிருந்து பன்னிரண்டு வந்தது. இரண்டடி மண்ணுக்குள், ஆறடி மேலே. கீழே ஒரு ஆள் குனியாமல் நடக்கலாம். மச்சான் தூண்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இன்னா மாப்ள, வூட்டுக்குக் கால் வெச்சிருக்கீங்க. எங்கியாவது நடந்து பூடுச்சுன்னா?"

நடந்து போனாலும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், சாப்பாட்டு நேரத்துக்கு, என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் பல் துலக்கும்போதுதான் தோன்றியது.

தச்சரும் செங்கத்துக்காரர். தரைக்குப் பழைய தேக்குப் பலகைகள் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் கொஞ்சம் சந்து விடச் சொன்னேன். கம்பத்து வீடுகளில் அப்படித்தான் இருக்கும். அவருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது.

"முப்பது வருசமா சந்து இல்லாம இழைக்கிறதுதாங்க எந்தொழிலு. நீங்க வெளிநாட்டுலர்ந்து வந்து சந்து வுடுங்கன்றீங்க. ஒரு ஊசி வுழுந்தா இன்னா பண்ணுவீங்க?"

"காத்து வரும்."

"காத்து வரும், சரி. பாம்பு வந்தா?"

அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. ஆனாலும் அரை அங்குல அளவுக்குச் சந்து விட்டார். 'இத்த நான் செஞ்சேன்னு யாருக்கும் சொல்லாதீங்க' என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார். மேலே தகர ஷீட். முன்பக்கம், மரத்தைப் பார்த்து, ஏழு படி. இந்தப் படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு முன்னால் வீடு முடிந்தது. என் மனைவி வந்து இறங்கினாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டைப் பார்த்தாள். பிறகு, எல்லோரையும் போல அண்ணாந்து பார்த்தாள். பிறகு பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"ஏங்க, யாரைக் கேட்டு இங்க கட்னீங்க?"

"உங்க அண்ணனை."

"இன்னான்னு கேட்டீங்க?"

"கேட்கல. ம்னு சொன்னேன்."

"இது அண்ணி மரங்க!"

எனக்கு விளங்கவில்லை. நம் நிலத்தில் இருக்கிற மரம் எப்படி இன்னொருவர் மரமாகும்? அவள் பொறுமையாகச் சொன்னாள். இந்த மலையில் நிலம் வேறு, புளியமரம் வேறு. அப்பா பாகம் பிரிக்கும்போது நிலத்தை மகளுக்கும், அதில் நிற்கும் மரத்தை மகனுக்கும் கொடுக்கலாம். இவர்கள் அப்பா அப்படித்தான் கொடுத்தார். மச்சான் அதைத் தன் மனைவிக்கு விட்டுவிட்டார். புளி உலுக்கும் மாதத்தில் மரத்தின் நிழல் எதுவரை விழுகிறதோ அதுவரை தரையும் மரத்துக்காரருடையது. யாரும் அங்கே எதையும் வைக்கக் கூடாது. ஊரில் பேசத் தொடங்கிய குழந்தைக்குக்கூட இது தெரியும். நான் ஒரு வீட்டையே வைத்துவிட்டேன்.

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"மாப்ள கிட்ட யாருங்க வேணாம்னு சொல்லுவாங்க? மரியாதை இல்ல?"

எனக்குக் கேட்க வெட்கம். அவர்களுக்குச் சொல்ல மரியாதை. நடுவில் பன்னிரண்டு கால் முளைத்துவிட்டது.

அவள் நேராக அண்ணி வீட்டுக்குப் போனாள். என் மனைவிக்குத்தான் அவர் அண்ணி. எனக்குத் தங்கை முறை. ஆனால் நான் அவரை எந்த முறையிலும் கூப்பிட்டதில்லை என்பதால் மனசுக்குள் அண்ணி என்றே வைத்துக்கொண்டேன். நல்ல உயரம், அதைவிட நல்ல குரல். அவர் மேட்டில் பேசினால் கீழே ஓடையில் துணி துவைப்பவர்கள் பதில் சொல்வார்கள். அவரே என் மனைவியோடு வந்து, மரத்தடியில் நின்று, மேலே பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"அண்ணே! தெரியாம வந்து குந்திக்கினீங்க. பரவால்ல, இருங்க. ஆனா உலுக்குற மாசம் மட்டும் மரத்துக்குக் கீழ கீற அத்தனையும் என்னுது. உங்க வூட்டையும் சேத்துத்தான் சொல்றேன்!"

நான் சன்னலுக்குப் பின்னால் நின்று தலையாட்டினேன். அவர் பார்த்திருக்க முடியாது.

மழை மாதங்கள் நன்றாகத்தான் போயின. தகரத்தில் மழை விழும் சத்தம் ஊர் மாறினாலும் மாறுவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. யாரும் வராத வீடாக நான் கட்டியது, யாரும் வரத் தயங்காத வீடாகிவிட்டது. மழை வந்தால் ஆடுகள் கீழே ஒதுங்கும். ஆடுகளைத் தேடி ஆட்கள் வருவார்கள். வந்தவர்கள் ஒரு குச்சியை எடுத்து நான் உட்கார்ந்திருக்கும் பலகையைக் கீழிருந்து தட்டுவார்கள். "மாப்ள, கீறீங்களா?" இல்லை என்று சொல்ல முடியாது. சந்து வழியாக என் லுங்கி தெரியும். படுத்திருந்தாலும் தட்டுவார்கள், சரியாக முதுகுக்குக் கீழே. ஆடுகள் நான் நடக்கும் பக்கமெல்லாம் கீழே கூடவே நடக்கும்.

என் தம்பி மலேசியாவிலிருந்து போன் செய்தான். அங்கே நாங்கள் பேச்சின் முடிவில் ஒரு 'லா' சேர்ப்போம்.

"ரூம் காலியாதான் இருக்கு லா. புது முதலாளி தோட்டத்துக்கு ஆள் தேடுறாரு. எப்ப வர்ற?"

"பார்க்கிறேன்" என்றேன்.

அவள் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பேச மாட்டேன் என்று சொன்னவள், சொன்னபடியே இருந்தாள். எனக்கும் உண்மையாகவே தெரியவில்லை. காலையில் பனி விலகி எதிர்மலை தெரியும்போது இருக்கலாம் என்று தோன்றும். முதுகில் குச்சி தட்டும்போது போகலாம் என்று தோன்றும். கதவுள்ள அந்தப் பின்பக்க அறை அடிக்கடி நினைவுக்கு வந்தது.

மாசி வந்தது. ஒரு நாள் மச்சானும் இன்னும் இரண்டு பேரும் மரத்தில் ஏறி உலுக்கினார்கள். அன்று நான் வீட்டுக்குள் இருந்தேன். தகரக் கூரையின் மேல் ஒரு மரத்துப் புளியும் ஒரே நேரத்தில் விழுந்தால் எப்படியிருக்கும் என்று என்னால் எழுதிக் காட்ட முடியாது. சாயங்காலம்கூட அவள் பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது.

புளி காய்ந்ததும் ஓடு உடைக்கும் நாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அண்ணிக்கு உதவ வருவார்கள், பதிலுக்கு அவர்கள் மரத்துப் புளிக்கு அண்ணி போவார். இடம் வேறெங்கே? என் வீட்டின் அடியில்தான். வெயில் இல்லை, காற்று வருகிறது, தூண்களில் சாய்ந்துகொள்ளலாம்.

முந்தின நாளே என் மனைவியிடம் சொல்லிவிட்டேன், "நான் காலையில சந்தைக்குப் போயிடறேன்" என்று. அவள் சிரித்தாள். விடிந்ததும் அண்ணி வீட்டுக்குப் போனாள். நான் காப்பி போட்டு டம்ளரில் ஊற்றி, ஆறட்டும் என்று தரையில் வைத்தேன். ஒரு கையைச் சட்டைக்குள் விட்டேன். கீழே குரல்கள் கேட்டன.

சந்து வழியாகப் பார்த்தேன். அண்ணியும் நான்கைந்து பெண்களும் சாக்குகளைப் படிக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு நிமிடம் இருந்தால் எல்லோரும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள், இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். பிறகு இருபது. கடைசியாக என் மனைவி. ஏழு படிகளில் கீழே இருந்த மூன்றில் ஆட்களே உட்கார்ந்துவிட்டார்கள்.

சட்டையின் ஒரு கையோடு, பலகையின் மேல், அசையாமல் உட்கார்ந்தேன். அசைந்தால் பலகை கிறீச்சிடும். பின்பக்கமும் ஒரு படிக்கட்டு வைக்கலாம் என்று தச்சர் அன்று சொன்னது நினைவுக்கு வந்தது.

"உம் மலேசியாக்காரரு எங்கடி?" என்று ஒரு குரல்.

"சந்தைக்குப் பூட்டாரு."

"நம்மளப் பாத்தா அவருக்கு இன்னா, புலியா கரடியா?"

"எம் பையன் சொல்றான், அவருக்குப் பேச்சே வராதாம். சைகைதானாம்."

"அப்பறம் எப்டிடி உன்னக் கட்டிக்கினாரு? சைகைலியா?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. எனக்கும் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். கீழே ஓடு உடைக்கும் சத்தம், டக் டக் என்று. அப்போதுதான் அண்ணி கேட்டார். மற்றவர்களிடம் பேசிய குரல் இல்லை, கொஞ்சம் இறங்கிய குரல். அவருக்கு அது இறங்கிய குரல்; எனக்கு நன்றாகவே கேட்டது.

"புளி உலுக்கியாச்சு. கெடு முடிஞ்சிது. அவரு இன்னா சொல்றாரு? இருப்பாரா?"

ஓடு உடைக்கும் சத்தம் நின்றது.

"தெரியல அண்ணி" என்றாள் அவள். "நானும் கேக்கல. கேட்டா ம்ன்னுவாரு. எம் மனசு நோவக் கூடாதுன்னு ம்ன்னுவாரு. அது எனக்கு வேணாம்."

"அப்பறம் எப்டித் தெரிஞ்சிக்கிறது?"

"மேல பரண்ல ஒரு பிஸ்கட் டப்பா கீது. அதுலதான் அவரு பாஸ்போர்ட்டு. தெனம் அவரு குளிக்கப் போறப்ப தொறந்து பாக்கிறேன். இருக்குதான்னு. இன்னிக்கிக் காலைலயும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

யாரோ ஒருத்தி மறுபடி ஓடு உடைக்கத் தொடங்கினாள்.

நான் திரும்பிப் பரணைப் பார்த்தேன். டப்பா அங்கேயேதான் இருந்தது. இத்தனை மாதமாக அதை அவள் தினமும் திறந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. யார் வருகிறார்கள் என்று சன்னலோரம் உட்கார்ந்து தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், பக்கத்தில் இருந்தவளைப் பார்க்கவில்லை. எழுந்திருக்கலாம் என்று காலை நகர்த்தினேன். டம்ளரை மறந்துவிட்டேன்.

சாய்ந்தது. முழு டம்ளர் காப்பி. சந்து சந்தாகத் தேடிக்கொண்டு இறங்கிவிட்டது.

"ஐயோ, மழைடி! புளிய மூடு!"

"மாசில ஏதுடி மழை?"

பிறகு அண்ணியின் குரல், நிதானமாக:

"மழை இல்ல. இனிப்பா கீது."

இருபது முகங்கள் ஒன்றாக மேலே பார்த்தன. சந்து வழியாக நானும் பார்த்தேன். நடுவில் என் மனைவியின் முகம். வாயில் முந்தானையை வைத்திருந்தாள்.

"எறங்கி வாங்க அண்ணே" என்றார் அண்ணி. "நீங்க மேல கீறது எனக்கு வந்தப்பவே தெரியும்." சொல்லிக்கொண்டே தான் உட்கார்ந்திருந்த சாக்கைத் தூக்கினார். அடியிலிருந்து என் செருப்பு இரண்டையும் எடுத்து வெளியே வைத்தார். படிக்குக் கீழே நான் விட்டிருந்த செருப்பு. என் மனைவியின் கண்ணில் படக் கூடாது என்று, வந்ததும் மேலே சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணி!" என்றாள் என் மனைவி.

"நீ கேக்க மாட்டேன்ற. அவரு சொல்ல மாட்டேன்றாரு. என் மரத்தடில எத்தினி நாளைக்கி இந்தக் கூத்து?"

இறங்கினேன். ஏழு படி. கடைசி மூன்று படிகளில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். சட்டையின் இன்னொரு கை பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. அண்ணியின் நெற்றியில் காப்பி இன்னும் ஈரமாக இருந்தது.

"கேட்டீங்க இல்ல? இப்ப சொல்லுங்க. ம்ன்னு சொல்லக் கூடாது. எல்லாருக்கும் கேக்கிறாப்ல சொல்லுங்க."

நாளைக் காலையில் கேட்டிருந்தால் நல்ல பதிலாகச் சொல்லியிருப்பேன். அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நிறையத் தோன்றியிருக்கும். அந்த நேரத்தில் கண்ணில் பட்டது படி மட்டும்தான். அதைச் சுற்றி ஒருவர் முழங்கால் மேல் ஒருவர் முழங்கால் என்று நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தப் படியை" என்றேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இந்தப் படியை அடுத்த வருசம் உலுக்குறதுக்குள்ள அந்தப் பக்கம் மாத்திடறேன். இங்க உங்களுக்கு உட்கார இடம் பத்தல."

எல்லோரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள். தவறாக ஏதும் சொல்லிவிட்டேனோ என்று நினைத்தேன்.

"அடுத்த வருசமா?" என்றார் அண்ணி.

"ஆமா."

என் மீது ஒரு புளி ஓடு வந்து விழுந்தது. என் மனைவிதான் எறிந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்ப்பதற்குள் இன்னொன்று வந்தது. பிறகு எல்லோரும் எறியத் தொடங்கிவிட்டார்கள். "பேச்சு வருதுடி! பேச்சு வருது!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு கூடைப் புளியை முன்னால் நகர்த்தினார்.

"படியெல்லாம் மாத்தாதீங்க. அந்தப் பக்கம் வெச்சா எங்களுக்குத் தெரியாம எறங்கி ஓடிப் பூடுவீங்க. ஒழுங்கா இந்தக் கூடைய முடிங்க. நார் தனியா, கொட்ட தனியா."

அன்று நான் உரித்த புளியை அண்ணி தனியாக வைத்து எல்லோருக்கும் காட்டினார். காட்டும்படியாக இல்லை என்பதால்தான்.

படி இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. டப்பாவில் இப்போது அவள் ஊசி நூல் வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட் எங்கே என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இந்த வருடமும் ஓடு உடைக்கும் நாள் வந்தது. அண்ணி வருவதற்கு முன்பே நான் கீழே போய்ச் சாக்கு விரித்துவிட்டேன். காப்பியையும் தூக்குவாளியில் கொண்டுபோனேன். கடைசிக் கூடையை உடைக்கும்போது அண்ணி கேட்டார், வீட்டுக்கு ஏன்தான் கால் வைத்தீர்கள் என்று.

"நீங்க உட்காரத்தான்" என்றேன், அப்போதே.